ஐப்பசி மழை முதல் மார்கழிப் பனி வரை: நெல்லைச் சீமையில் காய்கறித் தோட்டம்

திருநெல்வேலிச் சமவெளியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் கிடைக்கிறது. தென்காசிப் பக்கம் ஆனி, ஆடியில் சாரல் அடிக்கும்போதுகூட மானூர், நாங்குநேரி வட்டாரங்களில் வெறும் காற்றுதான் வீசும். ஆகவே இங்கே காய்கறித் தோட்டம் வைத்திருப்பவருக்கு இந்தப் பருவத்தில் இரண்டு வேலைகள் உண்டு: மழை பெய்யும் நாட்களில் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், மழை நின்றவுடன் எஞ்சிய ஈரத்தை மண்ணுக்குள்ளேயே நிறுத்த வேண்டும். முதல் வேலையிலிருந்து இரண்டாவதற்கு எந்த வாரத்தில் மாறுவது என்பதைச் சரியாகக் கணிப்பவரின் தோட்டம் தை மாதத்தில் காய்த்து நிற்கும்.

வடிகாலுக்கு ஐப்பசி பிறப்பதற்கு முன்பே வழி செய்துவிடுவது நல்லது. கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றை ஒரு சாண் உயரமாவது எழுப்பிய மேட்டுப்பாத்தியிலோ பாரிலோதான் வைக்க வேண்டும். பாத்திகளுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்கள் அனைத்தும் தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் ஒரே வடிகாலில் சேர வேண்டும். வேரைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது, இலை மஞ்சளாகும், நல்ல வெயிலிலும் செடி வாடி நிற்கும். வாட்டத்தைக் கண்டு மேலும் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, தேங்கிய நீரை வெட்டிவிட்டு, மண் சற்று உலர்ந்ததும் தூரைச் சுற்றி லேசாகக் கிளறி மண் அணைப்பது மட்டுமே. மழை கொட்டும் வாரத்தில் உரம் வைப்பதும் வீண். அது நீரோடு கரைந்து போய்விடும்.

கரிசல் மண்ணில் ஈரம் காயும்வரை கால் வைக்கலாகாது. மிதித்த இடம் காய்ந்தபின் பாறைபோல் இறுகிவிடும். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் அழுத்திப் பாருங்கள்: உருண்டை பிடித்து விரலில் ஒட்டினால் மம்பட்டியைத் தொடாதீர்கள், அழுத்திய உருண்டை பெருவிரல் பட்டதும் உதிர்ந்தால் இறங்கி வேலை செய்யலாம். செம்மண் தோட்டத்தில் இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

'கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை' என்ற சொலவடையை நம்பி வடிகால்களை மூடிவிடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், மார்கழி பிறந்த கையோடு, தாமிரபரணிக் கரையை மூழ்கடித்த மழையை இங்கு யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பதிவாயிற்று. மார்கழி பாதி கழியும்வரை வடிகால் திறந்தே இருக்கட்டும்.

மழை ஓய்ந்து, விடியலில் இலைகளில் பனி துளிக்கத் தொடங்கியதும் வேலை மாறுகிறது. களையெடுத்து, மேல்மண்ணைக் களைக்கொத்தால் கிளறிவிட்டு, மக்கிய தொழுவுரம் இட்டு, கார் நெல் அறுவடையில் மிஞ்சிய வைக்கோலை மூடாக்காகப் பரப்ப வேண்டும். தண்டோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை இடைவெளி விடவேண்டும். தண்ணீரைக் காலையில், இலை நனையாமல் தூரில் மட்டும் ஊற்றுவது நல்லது. இரவுப் பனியும் பகல் வறட்சியும் சேரும் இந்நாட்களில்தான் சாம்பல் நோய் வருகிறது. மிளகாயில் அது தென்பட்டால் லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகத் தூளை வெயில் தணிந்தபின் தெளிக்கலாம். ஆனால் புடலை, பீர்க்கு, தடியங்காய் (வெண்பூசணி) முதலிய கொடிகளுக்குக் கந்தகம் ஒத்துக்கொள்ளாமல் இலை கருகக்கூடும் என்பதால், அவற்றில் நோயுற்ற அடி இலைகளைக் கிள்ளி அகற்றிக் காற்றோட்டம் உண்டாக்குவதே பாதுகாப்பானது.

'ஆடி அவரை தேடிப் போடு' என்பதற்கு இணங்கப் போட்டிருந்தால், பகல் குறுகும் இந்த மாதங்களில் பந்தல் அவரை பூத்துக் காய்க்கும். சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியும் அப்போதுதான் வரும். பூங்கொத்தைத் திருப்பிப் பார்த்தால் காம்பு தெரியாத அளவுக்குக் கருப்பாக அப்பியிருக்கும். எறும்பு வரிசையாகப் பந்தல் காலில் ஏறுவதே முதல் அறிகுறி. மோசமான நுனிகளை ஒடித்து அழித்துவிட்டு, லிட்டருக்கு 50 கிராம் வீதம் வேப்பம்பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டிய சாற்றில் சிறிது காதி சோப்பைக் கரைத்து மாலையில் தெளியுங்கள். அடுத்த வாரமும் ஒருமுறை தேவைப்படலாம்.

நம் பக்கத்தில் பெயர்பெற்ற சிறுகிழங்கு, பொங்கலுக்கு முன் முதிரும். செடி பழுத்துச் சாயத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட்டு, மண் பொலபொலவென்று ஆனபின் கிழங்கு வெட்டுப்படாமல் தோண்ட வேண்டும். ஈரத்தோடு எடுத்துக் குவித்தால் அழுகும். சமையலுக்கு எடுத்ததைச் சாக்கில் போட்டுத் தரையில் அடித்தால் தோல் கழன்றுவிடும். விதைக்கானவற்றை மட்டும் அடிபடாமல் பொறுக்கி நிழலில் ஆற வைத்து, காய்ந்த மணலில் பரப்பி வையுங்கள்.

தைப் பட்டத்துக்கான தக்காளி, கத்தரி விதைகளை மார்கழித் தொடக்கத்தில் மேட்டு நாற்றங்காலில் தூவினால் 25 முதல் 30 நாட்களில் நடவுக்கு வந்துவிடும். மிளகாய் நாற்றுக்குக் கூடுதலாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். ஈர நாட்களில் நாற்று தூரில் அழுகிச் சாய்வதைத் தவிர்க்க, விதைக்குமுன் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சை) கலந்து, விதையை நெருக்கித் தூவாமல் வரிசையாகப் போடுங்கள். மேலே பனையோலை கட்டியிருந்தால் முளை தெரிந்த அன்றே அதை எடுத்துவிட வேண்டும்.