முகமும் கழுத்தும் தளர்ந்துவிட்டதா? கத்தி வைக்காத சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கண்ணாடி முன் நின்று தாடையோரத் தோலை இரண்டு விரலால் காதுப் பக்கம் இழுத்துப் பார்ப்பவர்கள் நிறைய பேர். நாற்பதைத் தாண்டிய பெண்கள் மட்டுமில்லை, குறுகிய காலத்தில் எடையைக் குறைத்த ஆண்களும்தான். அடுத்து என்ன செய்கிறார்கள்? வேலூர் சத்துவாச்சாரியிலோ காட்பாடி காந்தி நகரிலோ ஒரு ஸ்கின் கிளினிக் போர்டைப் பார்த்து உள்ளே போய், "சதையை டைட் பண்ற மெஷின் இருக்குங்களா?" என்று கேட்கிறார்கள். அங்கே எந்த மெஷின் இருக்கிறதோ அதுவே அவர்களுக்கான சிகிச்சை ஆகிவிடுகிறது.

ராணிப்பேட்டையில் இருக்கும் என் சித்திக்கு இப்படித்தான் நடந்தது. தோலை இறுக்குகிறோம் என்று ஒரு இடத்தில் பேக்கேஜ் போட்டு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். சித்திக்குத் தாடைக்குக் கீழே இருந்தது கொழுப்பு. தோலில் பெரிய தளர்வே கிடையாது. எல்லா சிட்டிங்கும் முடிந்த பிறகும் இரட்டைத் தாடை அப்படியே இருந்தது. அதனால்தான் சொல்கிறேன்: முதலில் தொங்குவது எது என்று தெரிய வேண்டும். மெஷினின் பெயர் கடைசியில் வர வேண்டிய விஷயம்.

முதல் படி: எது தொங்குகிறது?

முகம் தளர்வதற்குக் காரணம் ஒன்றல்ல. தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம் இளம் வயதிலிருந்தே ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் குறைந்துகொண்டு வருகிறது. மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் பெண்களுக்கு இந்த இழப்பு 30 சதவீதம் வரை போகலாம். இதோடு கன்னத்துக் கொழுப்பு வற்றுகிறது, தாடை எலும்பு தேய்கிறது, கழுத்துத் தசை நாண் நாணாகத் துருத்திக்கொண்டு தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

காலை வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். டியூப்லைட் வேண்டாம், மேலிருந்து விழும் வெளிச்சம் எல்லாக் கோட்டையும் பெரிதாக்கிக் காட்டும். கைக்கண்ணாடியில் நேராகப் பாருங்கள். பிறகு மல்லாந்து படுத்துக்கொண்டு அதே கண்ணாடியை முகத்துக்கு மேலே பிடியுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் கத்தியில்லாத சிகிச்சையில் பலன் எதிர்பார்க்கலாம். படுத்தால் ஆளே மாறித் தெரிகிறீர்கள் என்றால் தளர்வு அதிகம். அந்த அளவுக்கு எந்த மெஷினும் முழுதாகத் தூக்கிக் கொடுக்காது.

அடுத்து, தாடைக்குக் கீழே விரலால் கிள்ளிப் பாருங்கள். தடிப்பாக, மெத்தென்று கைக்கு வந்தால் அது கொழுப்பு. பழைய வாயில் புடவை மாதிரி மெல்லிசாகச் சுருங்கி வந்தால் அது தோல். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு "ஈ" என்று கீழ் உதட்டை இழுங்கள். கழுத்தில் மேலிருந்து கீழாக நாண் போலக் கோடுகள் எழும்பினால், அது தசை. நெற்றிப்பொட்டும் கன்னமும் குழிந்து, மூக்கோரக் கோடு ஆழமாகியிருந்தால், தொங்கலுக்குக் காரணம் உள்ளே இருந்த சதைப்பற்று குறைந்தது. பலருக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும்.

இந்த இடத்தில் அவசரப்படாமல் சில விஷயங்களைக் கவனியுங்கள். கழுத்தின் நடுவில் வீக்கம் இருந்தால் ஒரு மடக்குத் தண்ணீரை விழுங்கியபடி கண்ணாடியைப் பாருங்கள். விழுங்கும்போது வீக்கம் மேலே ஏறி இறங்கினால் அது தைராய்டாக இருக்கலாம், அழகுச் சிகிச்சைக்குப் போகும் விஷயம் இல்லை. கழுத்து மடிப்புகள் கறுத்து, தடித்து, வெல்வெட் தொட்டது போலிருந்தால் சர்க்கரை பரிசோதித்துக்கொள்ளுங்கள். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று தொங்கினால் பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு பக்கம் மெல்ல மெல்லத் தொங்கி, கண்ணை முழுதாக மூட முடியாமல் போனால் நரம்புக் கோளாறு, தொழுநோயிலும் இப்படி வரும். அதற்கு நம் ஊருக்குப் பக்கத்திலேயே 1955-இலிருந்து இயங்கும் கரிகிரி மருத்துவமனை இருக்கிறது. தொழுநோய் என்றால் கூச்சப்பட ஒன்றுமில்லை, மருந்தில் குணமாகும்.

இரண்டாம் படி: கிளினிக்குக்கு முன்னால் வீட்டில்

வேலூர் வெயிலைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் தோலைத் தளர்த்துவது அந்தச் சூடு மட்டுமல்ல. வெயிலில் இருக்கும் யு.வி.ஏ. எனும் புற ஊதாக் கதிர் மேகமூட்டத்திலும் வரும், ஜன்னல் கண்ணாடியையும் தாண்டும், தோலுக்குள் ஆழமாக இறங்கி கொலாஜனை உடைக்கும். ஆஸ்திரேலியாவின் நம்பூர் ஊரில் நாலரை ஆண்டு நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களுக்குத் தோல் மூப்பு, விருப்பப்பட்டபோது மட்டும் போட்டவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. இவ்வளவு மலிவான, இவ்வளவு உறுதியான பலன் வேறு எதிலும் கிடையாது.

எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், யு.வி.ஏ. பாதுகாப்பும் உள்ளதாக வாங்குங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்குமான அளவு. பெரும்பாலானோர் இதில் பாதி கூடப் போடுவதில்லை. இன்னொன்று, தாடையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்கு டூவீலரில் போய்வரும் பெண்களைப் பாருங்கள், ஹெல்மெட் முகத்தைக் காக்கும், கழுத்தின் இரண்டு பக்கமும் வெயிலில் காயும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தடவிவிட்டுத் துப்பட்டாவைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

இரவில் ரெட்டினாய்டு, அதாவது வைட்டமின் ஏ வகை க்ரீம். ட்ரெட்டினாயின், அடாபலீன் போன்றவை, மருத்துவர் எழுதிக்கொடுத்து வாங்க வேண்டியவை. பட்டாணி அளவு போதும். முதலில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மட்டும். கழுத்துத் தோல் மெல்லிசு, சீக்கிரம் எரியும், ஆகவே அங்கே இன்னும் குறைவாக. மாற்றம் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் தொடவே கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் "முகம் பளிச்சுன்னு ஆகும்" என்று கொடுக்கும் சில க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் வாரம் முகம் மின்னும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, இன்னும் சுருங்கும். 2018-இல் பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் அரசு சேர்த்தது. இன்னும் கையில் கொடுக்கிறார்கள். டியூபில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் போன்ற பெயர் எதுவும் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீண்ட நாள் போட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம்.

எண்ணெய் மசாஜ் தோலை மிருதுவாக்கும். தொங்கிய தோலைத் தூக்காது.

மூன்றாம் படி: கண்டுபிடித்ததற்கு ஏற்ற சிகிச்சை

தோல் தளர்வு, அதுவும் லேசானது முதல் நடுத்தரம் வரை என்றால் இரண்டு வழிகள் முக்கியம். ஒன்று ஹைஃபு எனப்படும் குவிக்கப்பட்ட அல்ட்ராசவுண்ட். ஒலி அலையைத் தோலுக்கு அடியில் 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் ஆழங்களில் புள்ளிபுள்ளியாகக் குவித்து 60 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். அந்தக் காயம் ஆறும்போது புதுக் கொலாஜன் உருவாகிறது. இன்னொன்று ரேடியோ ஃப்ரீக்வென்சி, மின்சக்தியால் தோலின் உள்ளடுக்கைச் சூடாக்குவது. அதையே நுண்ணூசிகள் வழியாகச் செலுத்தினால் எம்.என்.ஆர்.எஃப்., நம் ஊர் கிளினிக்குகளில் அதிகம் கேட்கும் பெயர் இதுதான்.

நம் மாநிறத் தோலுக்கு இந்த இரண்டும் பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒலியும் மின்சக்தியும் தோலின் நிறத்தைத் தேடிப் போவதில்லை. சி.ஓ.2 லேசர் போன்றவை மேல்தோலையும் சேர்த்துச் சுடும், நம்மவர்களுக்குப் பிறகு கருந்திட்டு விழும் வாய்ப்பு அதிகம். லேசரே கூடாது என்பதில்லை, மாநிறத் தோலில் நிறையச் செய்து அனுபவப்பட்ட கை வேண்டும். எம்.என்.ஆர்.எஃப்.பிலும் ஊசி படும் இடத்தில் கருமை வரலாம். சில சமயம் தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, நரம்புப் பாதிப்பு வரை போகும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 அக்டோபரில் எச்சரித்தது.

முகம் ஏற்கெனவே ஒட்டிப்போனவர்கள் ஹைஃபு செய்துகொள்ளும் முன் நன்றாக யோசியுங்கள். இருக்கும் கொஞ்சக் கொழுப்பும் கரைந்தால் இன்னும் வயதாகத் தெரியும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ரேடியோ ஃப்ரீக்வென்சி கூடாது.

கொழுப்புதான் பிரச்சினை என்றால் அதைக் கரைக்கும் டியாக்ஸிகோலிக் அமில ஊசி உண்டு, ஆனால் தோலும் தளர்ந்திருந்தால் கொழுப்பு போன பிறகு தோல் இன்னும் தொங்கும். தசை நாண்களுக்கு, தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி, 3 முதல் 4 மாதம் நிற்கும். குழிந்த கன்னத்துக்கு ஹயலூரானிக் அமில ஃபில்லர், அதாவது குழியை நிரப்பும் ஊசி. நூல் வைத்துத் தூக்கும் பி.டி.ஓ. த்ரெட் சில மாதங்களில் கரைந்துவிடும், தூக்கிய பலனும் மெல்ல இறங்கும், செலவுக்கு ஏற்ற பலன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தொங்கல் அதிகம் என்றால் வரிசையாக மெஷின்களுக்குப் பணம் கொட்டுவதைவிட ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.

நான்காம் படி: யாரிடம் போவது, என்ன கேட்பது

பெயருக்குப் பின்னால் எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல்., அல்லது தோல் மருத்துவத்தில் டி.என்.பி. இருக்கிறதா என்று பாருங்கள். "காஸ்மெடாலஜிஸ்ட்" என்று மட்டும் போட்டிருந்தால் என்ன படித்தார் என்று கேளுங்கள். பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம். தனியார் கிளினிக்கில் பணம் கட்டும் முன் சி.எம்.சி.யிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலோ தோல் பிரிவில் ஒரு தடவை காட்டி, தொங்குவது எது என்று கேட்டுவிட்டு வருவது நல்லது. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் அங்கே உங்களுக்கு யாரும் பேக்கேஜ் விற்க மாட்டார்கள்.

கிளினிக்கில் இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், எனக்குத் தொங்குறது தோலா, கொழுப்பா, தசையா? மெஷினைப் பிடிக்கிறது நீங்களா, அசிஸ்டென்டா? என்னை மாதிரி நிறத்துல இருக்கிறவங்களோட முன்-பின் போட்டோ காட்டுங்க." நுண்ணூசி முனை சீல் வைத்த உறையிலிருந்து உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும். போடாக்ஸ், ஃபில்லர் என்றால் பெட்டியில் உள்ள பிராண்ட், பேட்ச் எண், காலாவதித் தேதியைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டியவை: ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, சர்க்கரை, காயம் பட்டால் தடித்து வளரும் தழும்பு, உதட்டோரம் அடிக்கடி வரும் கொப்புளம்.

ஐந்தாம் படி: நாளும் பணமும்

புதுக் கொலாஜன் உருவாக 2 முதல் 3 மாதம், முழுப் பலன் தெரிய 6 மாதம் வரை ஆகும். தையில் வீட்டில் கல்யாணம் என்றால் ஆடியில் ஆரம்பியுங்கள், மார்கழியில் ஓடாதீர்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் எம்.என்.ஆர்.எஃப்., லேசர் இரண்டும் வேண்டாம், ஆறும் தோலில் வெயில் பட்டால் கருமை தங்கிவிடும்.

மொத்தம் எத்தனை சிட்டிங், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, ஜி.எஸ்.டி. அதில் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். அழகுச் சிகிச்சை பொதுவாகக் காப்பீட்டில் வராது. சிட்டிங்குக்குச் சிட்டிங் பணம் கொடுங்கள், "இன்னைக்கே கட்டினா ஆஃபர்" என்பதற்காக முழுப் பணத்தைக் கட்டாதீர்கள்.

சிகிச்சைக்குப் பிறகு சில நாள் சிவப்பும் லேசான வீக்கமும் இருக்கும். ஹைஃபுவுக்குப் பின் சிரிப்பு ஒரு பக்கம் கோணினால் நரம்பு சூடுபட்டிருக்கலாம், பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும், ஆனாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஃபில்லர் போட்ட பிறகு மட்டும் காத்திருக்கவே கூடாத அறிகுறிகள் உண்டு: கடுமையான வலி, தோல் வெளுப்பது, வலைபோல நீலம் படர்வது, பார்வை மங்குவது. ரத்தக்குழாய் அடைபட்டதன் அடையாளம் இது. ஹயலூரானிக் ஃபில்லரைக் கரைக்கும் ஹயலூரானிடேஸ் ஊசி கிளினிக்கில் கையிருப்பு இருக்கிறதா என்று போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், இரவில் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.