கிடார் விட்டுக்கொடுக்கும் இடம்: ஆர்கெஸ்ட்ரா ராக் ஆல்பம் செய்யும் முறை

ஆர்கெஸ்ட்ராவும் ராக்கும் சேரும் ஆல்பங்களில் அடிக்கடி காதில் படும் குறை ஒன்று உண்டு. ஸ்ட்ரிங்ஸ் (வயலின், வியோலா, செல்லோ போன்ற வில் கருவிகள்) இருக்கிறது, ஆனால் கேட்கவில்லை. அதை ஏற்றினால் கிடார் அடங்கிப் பாட்டு சோனியாகிறது. கிடாரை ஏற்றினால் நாற்பது பேர் வாசித்தது பக்கத்து அறையில் யாரோ முனகுவதுபோல் ஆகிறது. பழி மிக்ஸிங் பொறியாளர் மேல் விழுகிறது. உண்மையில் கோளாறு ஆறு மாதம் முன்பே, பாட்டை எழுதும்போதே நடந்துவிட்டது. பேண்ட் எல்லா இடத்தையும் அடைத்து வாசித்து முடித்த பிறகு ஆர்கெஸ்ட்ராவை அழைத்தால் அது எங்கே உட்காரும்? முதலில் இடம் ஒழித்துவைக்க வேண்டும்.

எழுதும்போதே இடம் ஒழிப்பது

எந்தக் கருவி எங்கே தொடங்குகிறது என்பதைப் பாருங்கள். கிடாரின் கீழ் ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். செல்லோவின் கீழ் சி 65, வியோலாவின் கீழ் சி 131, வயலினின் கீழ் ஜி 196 ஹெர்ட்ஸ். பேஸ் கிடாரும் டபுள் பேஸும் ஒரே 41 ஹெர்ட்ஸில் தொடங்குகின்றன. ஆக டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) போட்ட கிடார் தடித்து ஒலிக்கும் 100 முதல் 400 ஹெர்ட்ஸ் பகுதிதான் செல்லோவுக்கும் வியோலாவுக்கும் சொந்த ஊர். அங்கே மூவரும் ஒரே நேரத்தில் பேசினால் கிடார்தான் ஜெயிக்கும். டிஸ்டார்ஷனில் ஒலி தட்டையாக, இடைவெளியின்றி நிரம்பி நிற்கும். வில்லால் இழுக்கும் ஒலி ஏறி இறங்கும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு, ஒரே பாட்டுக்குள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஒன்று, கிடாரை மேலே தள்ளுவது: கீழ் இரண்டு கம்பிகளை விட்டுவிட்டு மேல் கம்பிகளில் மட்டும் வாசிக்கச் சொல்லி, தடிப்பைச் செல்லோக்களிடம் கொடுங்கள். இரண்டு, கிடார் கோர்டில் ரூட்டையும் (அடிச் சுரம்) ஐந்தாம் சுரத்தையும் மட்டும் வைத்து, மூன்றாம் சுரத்தை வியோலாவுக்கோ இரண்டாம் வயலினுக்கோ ஒப்படைப்பது. இதற்கு வலுவான காரணம் இருக்கிறது. டிஸ்டார்ஷன் இரண்டு சுரங்களிலிருந்து அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் புதிய ஒலிகளாக உண்டாக்கும். ஐந்தாம் சுரத்தோடு கழித்தல் ஒலி ரூட்டுக்குக் கீழே ஒரு ஸ்தாயியில் சுத்தமாக விழும். மூன்றாம் சுரத்தோடு அவை சேற்றைக் கலக்கிவிடும். மேஜரா மைனரா என்று சொல்லும் வேலையை ஸ்ட்ரிங்ஸ் எடுத்துக்கொண்டால் கோர்டின் உணர்ச்சியே அவர்கள் கைக்கு வந்துவிடுகிறது. பிறகு அவர்களை அலங்காரம் என்று யாரும் நினைக்க முடியாது. மூன்றாவது வழி எளிது: ஒருவர் பேசும்போது மற்றவர் சும்மா இருப்பது.

டிரம்ஸிலும் இடம் ஒழிக்க வேண்டும். விடாமல் அடிக்கும் க்ராஷ், ரைடு சிம்பல்கள் வயலின்களின் பளபளப்பு இருக்கும் 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் பகுதியை மூடிவிடும். ஸ்ட்ரிங்ஸ் முன்னால் வரும் பகுதிகளில் டாம்கள், மேலட் குச்சிகள், மூடிய ஹை-ஹாட் என்று எழுதுங்கள்.

அடுத்தது ஸ்கேல். கிடார் பாட்டு பெரும்பாலும் ஈ-யிலோ ஏ-யிலோ பிறக்கும். சில காற்றுக்கருவிகளுக்குத் தாளில் எழுதும் சுரம் வேறு, ஒலிக்கும் சுரம் வேறு. அதனால் ஈ மேஜர் பாட்டைப் பி ஃபிளாட் கிளாரினெட் எஃப் ஷார்ப் மேஜராக, ஆறு ஷார்ப்களோடு (அரை சுரம் ஏற்றும் குறிகள்) படிக்க வேண்டும். எஃப் ஹார்னுக்கு அது ஐந்து ஷார்ப் கொண்ட பி மேஜர். கிடாரை அரை சுரம் இறக்கிச் சுருதி கூட்டினால் பாட்டு ஈ ஃபிளாட்டுக்கு வரும், கிளாரினெட்டுக்கு எஃப், ஹார்னுக்குப் பி ஃபிளாட். காற்றுக்கருவிக்காரர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். ஆனால் வயலினின் ஏ, ஈ திறந்த கம்பிகள் ஸ்கேலுக்கு வெளியே போய்விடும், ஒலி சற்று மங்கும். ஸ்ட்ரிங்ஸ் மட்டும் உள்ள பாட்டை ஈ-யிலோ டி-யிலோ விட்டுவிடுங்கள். பித்தளைக் கருவிகள் சுமக்கும் பாட்டை இறக்குங்கள்.

கணினியில் சாம்பிள் ஒலிகளைக் கொண்டு மாதிரி செய்யும்போது ஓர் எச்சரிக்கை. சாம்பிளுக்கு மூச்சு வாங்காது. டியூபாவுக்கு உரத்த கீழ்ச் சுரத்தை எட்டுப் பாருக்கு (பார் என்பது ஒரு தாளச் சுற்று) இழுத்து எழுதினால் கணினி வாசிக்கும், மனிதர் வாசிக்க மாட்டார். எழுதிய வரியை நீங்களே வாயால் பாடிப் பாருங்கள். உங்களுக்கு மூச்சு எங்கே அறுகிறதோ ஏறத்தாழ அங்கே ஓர் ஓய்வு வேண்டும்.

எத்தனை பேர்

ஒரு பகுதிக்கு ஒருவர் இருக்கலாம், மூவர் இருக்கலாம், இருவர் மட்டும் கூடாது. இரண்டு வயலின் ஒரே சுரத்தை வாசித்தால் சின்ன விலகலும் அதிர்வாகத் துருத்திக்கொண்டு கேட்கும். மூன்றாவது ஆள் வந்ததும் அது பரவி, 'கூட்டம்' என்ற உணர்வாக மாறிவிடும். முதல் வயலின் 6, இரண்டாம் வயலின் 4, வியோலா 3, செல்லோ 3, டபுள் பேஸ் 1 என்று 17 பேர் இருந்தால் நிறையச் சாதிக்கலாம். பேஸ் கிடார் தொடர்ந்து வாசிக்கும் பாட்டில் அந்த டபுள் பேஸை வில்லில்லாமல் விரலால் மீட்டச் சொல்லுங்கள், இரண்டும் முட்டாது.

17 பேரை மூன்று முறை பதிவுசெய்து 51 ஆக்கலாம் என்பது எல்லோருக்கும் வரும் யோசனைதான். அதே நாற்காலி, அதே கருவி, அதே மைக் என்றால் கூட்டம் பெரிதாகாது; ஒலி மட்டும் ஒருவிதமாக அடைத்துப்போகும். இரண்டாம் பதிவில் முதல் வயலின்களும் இரண்டாம் வயலின்களும் இசைத் தாள்களை மாற்றிக்கொள்ளட்டும், இடமும் மாறட்டும். மூன்றாம் முறை முதன்மை மைக்குகளை ஒரு மீட்டராவது பின்னால் தள்ளுங்கள். ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் அறையின் இரைச்சல் 3 டெசிபெல் கூடும் என்பதால், மெல்லிய பகுதிகளில் ஒரே பதிவோடு நிறுத்திக்கொள்வது மேல்.

தாள்களும் க்ளிக்கும்

பதிவு அமர்வில் நேரத்தைத் தின்பது இசை அல்ல, தாள்தான். எல்லாப் பாருக்கும் எண் போடுங்கள். பக்கம் திருப்பும் இடம் ஓய்வில் விழ வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஓசையும் பதிவாகும். வில்லின் மேல்-கீழ் குறிகளை ஸ்ட்ரிங்ஸ் தலைவரிடம் முன்கூட்டியே கொடுத்துத் திருத்தி வாங்குங்கள். ராக்கிலிருந்து வருபவர்கள் எல்லாவற்றையும் உரக்க என்றே எழுதிவிடுவார்கள். மெல்ல வாசிக்கும் 17 பேரை மைக் அருகே கொண்டுவந்து கேட்பதில் வரும் நெருக்கம் உரத்த வாசிப்பில் வராது, பாதிப் பாட்டையாவது மெல்ல எழுதுங்கள். ஏழு எட்டில் (7/8 தாளம்) போகும் பகுதி என்றால் 2+2+3-ஆ 3+2+2-ஆ என்று தாளிலும் க்ளிக்கிலும் (ஹெட்போனில் தாளம் காட்டும் தட்டொலி) ஒரேபோல் இருக்கட்டும். இங்கே ஒரு முரண் இருந்தால் இருபது நிமிடம் போய்விடும்.

டெம்போவை ஒரே எண்ணில் பூட்டிவிடாதீர்கள். பேண்ட் க்ளிக் இல்லாமல் நன்றாக வாசித்த ஒரு டேக்கை எடுத்து, அதன் வேகமாற்றங்களைப் பார் பாராகக் குறித்து, முரட்டு ஏற்ற இறக்கங்களை மட்டும் மழித்து டெம்போ வரைபடம் ஆக்குங்கள். பேண்டும் ஆர்கெஸ்ட்ராவும் அதன்மேல் பதியட்டும். நிமிடத்துக்கு 60 தட்டுக்குக் கீழே போகும் மெதுவான பகுதிகளில் க்ளிக்கை அரையாகப் பிரித்துக் கொடுங்கள்.

க்ளிக் ஒழுகுவது பழைய தொல்லை. கூர்மையான பீப் ஒலி ஹெட்போனிலிருந்து நேராக மைக்குக்குப் போகும். மந்தமான மரக்கட்டை ஒலி வையுங்கள், மூடிய ஹெட்போன் கொடுங்கள். வயலின்காரர்கள் ஒரு காதைத் திறந்துவைப்பார்கள், ஹெட்போனின் அந்தப் பக்கக் கோப்பை காதுக்குப் பின்னால் தலையோடு ஒட்டியிருக்கட்டும். கடைசிச் சுரம் நீண்டு தேயும் இடத்தில் க்ளிக்கை நிறுத்திவிட்டுக் கண்டக்டர் கையை நம்புங்கள். இதை மறந்தால் அழகான முடிவு ஒவ்வொன்றிலும் டொக் டொக் கேட்கும், அதை நீக்க எந்தக் கருவியும் சுத்தமாக உதவாது.

ஹெட்போனில் டிஸ்டார்ஷன் கிடாரைக் கொடுக்காதீர்கள். அதைக் கேட்டுக்கொண்டு சுருதி சேர்ப்பது கடினம். டிரம்ஸைக் கொஞ்சம், பேஸ், சுத்தமான ஒரு பியானோ வழிகாட்டி போதும். சுருதியை ஏ 440-லா 442-லா என்று முதல் நாளுக்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 8 சென்ட் (அரை சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). தனியாகக் கேட்டால் தெரியாது, சின்தசைசரோடு சேர்ந்ததும் புளிக்கும்.

பழகிய கலைஞர்களோடு 3 மணி நேர அமர்வில் 10 முதல் 12 நிமிட இசை முடிந்தால் நல்ல கணக்கு. புதிதாக முயன்று பார்க்கும் சோதனைப் பகுதிகளுக்கு அதில் பாதிதான் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்ட்ரிங்ஸும் பித்தளையும் தனித்தனி அமர்வில் பதியுங்கள். நான்கு டிராம்போன் 17 ஸ்ட்ரிங்ஸின் மைக்குகளை விழுங்கிவிடும். டிரம்பெட்டின் உச்சச் சுரங்கள் உள்ள பாட்டை அமர்வின் முதல் மணியில் முடித்துவிடுங்கள், உதடு களைத்த பிறகு அது வராது.

மைக் வைப்பது

ஸ்ட்ரிங்ஸுக்கு முதன்மையாக மூன்று ஆம்னி (எல்லாத் திசையிலும் கேட்கும்) மைக்குகளை டெக்கா ட்ரீ முறையில் வையுங்கள்: கண்டக்டர் தலைக்கு மேலே, தரையிலிருந்து சுமார் 3 மீட்டர் உயரம், இடமும் வலமும் 2 மீட்டர் இடைவெளி, நடு மைக் ஒன்றரை மீட்டர் முன்னால். ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அருகு மைக். ராக்கோடு சேரும்போது இந்த அருகு மைக்குகள் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். ஒலி ஒரு மீட்டர் போக ஏறத்தாழ 2.9 மில்லி செகண்ட் ஆகும். ட்ரீயிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருக்கும் செல்லோ மைக் 14 அல்லது 15 மில்லி செகண்ட் முந்தும். அந்த ட்ராக்கைப் பிந்த வைத்துக் கேளுங்கள், பொருந்துகிறதா என்பதைக் காது சொல்லும். பதிவு 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அளவில்.

ஹார்னின் வாய் பின்னால் பார்க்கும். அதன் பின்னே கனத்த திரை இருந்தால் ஒலி செத்துவிடும்; மரப்பலகை ஒன்றை நிறுத்துங்கள்.

சோதனைப் பகுதிகள்

'எதையாவது வாசியுங்கள்' என்று சொன்னால் தேர்ந்த கலைஞர்கள் நடுத்தர உரப்பில், நடுத்தர ஸ்தாயியில், கண்ணியமாக ஏதோ வாசிப்பார்கள். சுதந்திரத்துக்கு எல்லை வரைந்து கொடுக்க வேண்டும்: எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரம் வரை, எத்தனை விநாடி, எவ்வளவு உரப்பு, வில் எங்கே. 1967-இல் பீட்டில்ஸ் 40 பேர் ஆர்கெஸ்ட்ராவோடு 24 பார் நீளத்துக்குப் பதிந்த ஏற்றம் இதற்கு நல்ல பாடம். ஜார்ஜ் மார்ட்டின் ஒவ்வொரு கருவிக்கும் தொடக்கத்தில் மிகக் கீழான சுரத்தையும் முடிவில் மிக மேலான சுரத்தையும் எழுதி, இடையில் எந்தப் பாரில் ஏறத்தாழ எங்கே இருக்க வேண்டும் என்று குறித்தார். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு ஒத்துப்போகாதீர்கள் என்றும் சொன்னார். அந்தக் கடைசிச் சொல்தான் முக்கியம். ஒத்துப்போவதே ஆர்கெஸ்ட்ராவின் பயிற்சி, அதை நிறுத்தச் சொல்லாவிட்டால் நிறுத்த மாட்டார்கள்.

வில்லின் மரப்பகுதியால் தட்டும் ஓசை வேண்டுமென்றால் முன்பே தெரிவியுங்கள். விலையுயர்ந்த வில்லை யாரும் அதற்குத் தரமாட்டார்கள், பழைய வில்லைக் கொண்டுவருவார்கள். பியானோக் கம்பிகளுக்கு இடையே பொருள் செருகுவதானால் ரப்பரும் ஃபெல்ட்டும் பாதுகாப்பானவை. செம்பு சுற்றிய கீழ்க் கம்பிகளில் உலோகத்தைச் செருகக் கூடாது.

ஆர்கெஸ்ட்ராவைக் கிடார் பெடலுக்குள் (ஒலியை மாற்றும் கால்பெட்டி) அனுப்புவது இந்த வகை இசையின் பெரிய இன்பம். மொத்த ஸ்ட்ரிங்ஸையும் டிஸ்டார்ஷனில் போட்டால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும், கோர்டின் மூன்றாம் சுரத்துக்குச் சொன்ன அதே காரணம். ஒரே ஒரு செல்லோவின் அருகு மைக்கை, ஒற்றை வரியாக அனுப்புங்கள், கர்ஜிக்கும். இடையே ரீஆம்ப் பெட்டி (ஒலி அளவைக் கிடார் அளவுக்கு இறக்கும் கருவி) வேண்டும், ஏனெனில் ஸ்டுடியோவின் லைன் அளவு பெடலுக்கு மிக அதிகம். பாதி வேகத்தில் ஓட்டி ஒரு ஸ்தாயி இறக்க நினைக்கும் பகுதிகளை 96 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். 48-இல் பதிந்தால் இறக்கிய பிறகு 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றுமே இருக்காது.

மிக்ஸ், மாஸ்டரிங்

டிரம்ஸ் சிறிய அறையில், ஸ்ட்ரிங்ஸ் பெரிய அரங்கில் என்றால் இரண்டு ஆல்பங்களை ஒட்டியதுபோல் கேட்கும். செயற்கை ரிவெர்ப் (அறை எதிரொலி) இதை ஓரளவு மூடும். அதைவிட நல்லது, ஸ்ட்ரிங்ஸ் அமர்வு முடிந்ததும் மைக்குகளைக் கலைக்காமல், டிரம்ஸையும் கிடாரையும் ஸ்பீக்கரில் அதே அரங்குக்குள் ஒலிக்கவிட்டு அதே ட்ரீயில் பதிவது. அரை மணி நேர வேலை, அரங்கின் காற்று எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிடும்.

வயலின்கள் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தால் கிடாரை இருபுறமும் ஓரத்துக்குத் தள்ளாமல் வலப்பக்கம் ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள். கம்ப்ரஸரில் (உரப்பின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) ஆர்கெஸ்ட்ராவை நசுக்குவதற்கு முன், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கையால் ஓட்டுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் 2, 3 டெசிபெல் ஏற்றி இறக்கினாலே பெரும்பாலும் போதும்.

ஸ்ட்ரீமிங் தளங்கள் ஒலி உரப்பை மைனஸ் 14 முதல் மைனஸ் 16 எல்.யூ.எஃப்.எஸ். (காது உணரும் உரப்பின் அலகு) அளவுக்கு இழுத்து வைப்பதால் அதற்கு மேல் அழுத்துவதில் லாபமில்லை. உச்சத்தை மைனஸ் 1 டெசிபெலில் நிறுத்துங்கள். இசைத்தட்டாகவும் வெளியிடுவதானால் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்தை ஒட்டி வையுங்கள். தட்டின் உள்வட்டத்தில் ஊசி நகரும் வேகம் குறைவு, மேல் அதிர்வெண்கள் அங்கேதான் கரகரக்கும். பித்தளையும் சிம்பலும் முழங்கும் பாட்டைப் பக்கத்தின் தொடக்கத்தில் வைத்து, கடைசி இடத்தை மெல்லிய ஸ்ட்ரிங்ஸ் பாட்டுக்குக் கொடுங்கள்.