நெடுநாள் நின்ற பழைய காரில் இன்ஜின் சத்தம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல வருடம் உறை போட்டு நின்ற பழைய கார் மறுபடி ஸ்டார்ட் ஆகும்போது ஏதாவது சத்தம் வரத்தான் செய்யும். அதைக் கேட்டதும் சிலர் "இன்ஜினை இறக்கிவிட வேண்டியதுதான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார்கள். முதல் வகையில் காசு வீணாகும், இரண்டாவதில் இன்ஜினே போய்விடும்.

ஆனால் பெரிய தவறு சத்தம் வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. புது பேட்டரி மாட்டியதும் ஆசையில் சாவியைத் திருப்பிவிடுகிறோம். வண்டி நின்ற காலத்தில் பேரிங்கிலும் சிலிண்டர் சுவரிலும் இருந்த ஆயில் வழிந்து சம்ப்பில் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறங்கியிருக்கும். பழைய பெட்ரோல் பிசினாகி ஏதோ ஒரு வால்வைப் பிடித்து வைத்திருக்கலாம். அப்போது ஸ்டார்ட்டர் சுற்றினால், சிக்கிய வால்வைத் தள்ளப் பார்த்து புஷ் ராட் (வால்வை இயக்கும் கம்பி) வளைந்துவிடும். பிறகு கேட்கும் சத்தம் அன்று நாமே உண்டாக்கியது.

அதனால் முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். அப்புறம் ராக்கர் கவரை (வால்வுகளுக்கு மேலுள்ள மூடி) திறந்து வைத்து, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். அந்த இரண்டு சுற்றில் எல்லா வால்வும் ஒருமுறை ஏறி இறங்கியாக வேண்டும். எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள், பலம் காட்ட வேண்டாம். எல்லாம் சரி என்றால் ஆயிலை மாற்றி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரில் சுழற்றி, ஆயில் பிரஷர் ஏறிய பிறகு பிளக்கை மாட்டலாம்.

அந்தப் பிரஷரைக் காட்ட டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். அதுவும் வண்டியோடு சேர்ந்து இத்தனை நாள் தூங்கியதுதான். தற்காலிகமாக ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பாருங்கள். ஸ்டார்ட் ஆன சில நொடியில் முள் ஏறவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். பிரஷர் இல்லாத இன்ஜினில் சத்தத்தை ஆராய வேலையே இல்லை.

பிரஷர் நன்றாக இருந்தும் "டிக் டிக்" என்று கேட்டால், உடனே டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) என்று முடிவு கட்டுவதுதான் அடுத்த தவறு. ஒரு காரில் இரண்டு முறை டேப்பெட் கிளியரன்ஸ் (அங்கு விட வேண்டிய இடைவெளி) வைத்துப் பார்த்தேன், சத்தம் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்) ஓரத்தில், கேஸ்கெட்டை ஒட்டி, நகம் அளவு கரி படிந்திருந்தது. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை அங்கே கொண்டுபோனதும் அதே "டிக்" காதில் அறைந்தது. இன்ஜின் சூடாகி உலோகம் விரிந்ததும் கசிவு அடைபட்டு, சத்தமும் அடங்கியது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் கேட்கும் டிக் என்றால் இதையும் பாருங்கள். ஃபேன் பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் மட்டும் ஓட விட்டால் வாட்டர் பம்ப், டைனமோ பேரிங் சத்தமா என்பதும் தெரிந்துவிடும்.

உண்மையிலேயே டேப்பெட் என்றாலும், சத்தம் அடங்கும் வரை இறுக்கிவிடாதீர்கள். மோரிஸ் மைனர் 1000-க்கு இடைவெளி 0.012 அங்குலம், சுமார் 0.30 மி.மீ. அந்த இடைவெளியில் லேசான சத்தம் இருக்கத்தான் செய்யும். அதையும் ஒழிக்கப் பார்த்தால் வால்வு முழுதாக மூடாமல் கருகிவிடும். ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் பிரஷரால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் டேப்பெட்) உள்ள இன்ஜின் என்றால் பிரஷரைக் கவனித்தபடி கொஞ்ச நேரம் கொடுங்கள். உள்ளே ஆயில் நிறைந்ததும் பெரும்பாலும் தானே அடங்கும்.

அடியிலிருந்து வரும் கனமான "டக் டக்" வேறு விஷயம். கெட்டியான ஆயில் ஊற்றினால் கொஞ்ச நாள் கேட்காது, ஆனால் தேய்மானம் நிற்காது. ஃப்ளஷ் (உள்ளே படிந்த மண்டியைக் கரைக்கும் திரவம்) ஊற்றுவது இன்னும் ஆபத்து. பல வருட மண்டி ஒரே நேரத்தில் கரைந்து சம்ப் வடிகட்டியை அடைத்துவிடலாம்.

அந்த "டக் டக்" எங்கிருந்து வருகிறது என்று அறிய, இன்ஜினை ஐடிலில் விட்டு, காப்பிட்ட குறடால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாக எடுத்து பாடியில் எர்த் செய்து பாருங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் தட்டல் குறைந்தால் கோளாறு அந்தச் சிலிண்டரின் பிஸ்டனிலோ கன்ராட் (பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) பேரிங்கிலோ இருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அதிகமாகக் கேட்டு, சூடானதும் குறைந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ஆட்டம். சூடாகி ஆயில் இளகியதும் கூடினால் பேரிங். பேரிங் என்று பட்டால் வண்டியை ஒரு தெரு கூட ஓட்ட வேண்டாம். சம்ப்பைக் கழற்றி ஷெல்லை (பேரிங்கின் உள் தகடு) பாருங்கள். கிராங்க் ஜர்னலில் (ஷெல்லுக்குள் சுழலும் பகுதி) கீறல் விழாமல் இருந்தால் செலவு பெரும்பாலும் புது ஷெல்லோடு முடியும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் ஒருநாள் கன்ராட் உடைந்து பிளாக்கையே பிளந்துவிடும்.