டாரோ ரீடிங்ல கார்டை முதல்ல கேக்க வந்தவங்க பாக்கட்டும்

படம் போட்ட கார்டை விரிச்சு பலன் பாக்கிற டாரோவ கத்துக்கிற நிறைய பேர் 78 கார்டுக்கும் அர்த்தத்தை மனப்பாடம் பண்ணிட்டு எதிர்ல உக்காந்திருக்கவங்ககிட்ட மூச்சு விடாம ஒப்பிக்கிறாங்க, அவங்களும் தலையாட்டிட்டு கிளம்பிடுறாங்க, ஆனா அவங்க பிரச்சனைய பத்தி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாங்க. ரெண்டு பேரும் பேசினாதான் அது ரீடிங்.

"வேலை கிடைக்குமா"ன்னு கேட்டதும் கார்டை கலைக்க ஆரம்பிக்காதீங்க. என்ன வேலை, எங்க தடங்கல்னு கொஞ்சம் பேச விடுங்க, பேசப் பேச "இதுல நான் எதை கவனிக்காம விடுறேன்"னு கேள்வி தானா மாறும். "அவன் என்னை நினைக்கிறானா"ன்னு அங்க இல்லாத ஆளோட மனசை கேட்டா, "அவன் விஷயத்துல நான் என்ன பண்ணலாம்"னு மாத்திக்க சொல்லுங்க.

இந்த மாதிரி பேச ரைடர் வெயிட் டெக்தான் (கார்டு கட்டுதான்) வசதி. 1909ல லண்டன்ல வந்தது, ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித் எண் கார்டுலயும் ஆளுங்களோட காட்சியா வரைஞ்சிருக்காங்க, பழைய பிரெஞ்சு மார்செய் டெக்ல ஃபைவ் ஆஃப் கப்ஸ்னா அஞ்சு கோப்பையும் கொஞ்சம் பூவேலையும்தான். ரைடர் வெயிட்ல அதே கார்டுல கறுப்பு அங்கி போட்ட ஒருத்தர் குனிஞ்சு நிப்பார், முன்னாடி மூணு கோப்பை கவுந்து கிடக்கும், முதுகுக்கு பின்னாடி ரெண்டு நிமிர்ந்து நிக்கும், தூரத்துல ஒரு பாலம். அர்த்தம் சொல்லாம "உங்க கண்ணு முதல்ல எங்க போகுது"ன்னு கேளுங்க. ஒருத்தர் கவுந்த கோப்பைய சொல்வார், இன்னொருத்தர் நேரா பாலத்துக்கு போவார், "ஏன் அது"ன்னு அங்கிருந்து பிடிச்சுக்கோங்க. பதில் வர நேரமானா பொறுமையா இருங்க, அந்த நேரத்துலதான் அவங்க உண்மையா யோசிக்கிறாங்க.

அப்புறம் உங்களுக்கு தெரிஞ்சதையும் சொல்லுங்க, அதுக்குத்தானே வந்திருக்காங்க. "வழக்கமா இதை இழப்புன்னு சொல்வாங்க, உங்களுக்கு பொருந்துதா?" இல்லன்னா விட்டுடுங்க, வாதாடாதீங்க.

டெத் (மரணம்) கார்டு வந்தா பதறுவாங்க. கார்டை அவங்க கைலயே கொடுங்க, வெள்ளை குதிரைல வர்ற எலும்புக்கூட்டுக்கு பின்னாடி ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல சூரியன் இருக்கு, அதை அவங்களே கண்டுபிடிக்கட்டும், அப்புறம் "எது முடிஞ்சா நிம்மதின்னு தோணுது"ன்னு மெதுவா கேளுங்க. ஆனா நோய், கோர்ட் கேஸ்னு வந்தா கார்டே எடுக்காதீங்க, டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் போக சொல்லுங்க, இதுல நான் ரொம்ப கறார்.

கடைசில "முதல்ல என்ன செய்யப்போறீங்க"ன்னு அவங்க வாயால சொல்ல வைங்க, விரிச்ச கார்டை போன்ல போட்டோ எடுத்துக்கட்டும். அதே கேள்வியோட அடுத்த வாரமே வந்தா காசு வாங்கிட்டு திரும்ப விரிக்காதீங்க, சொன்னதை செஞ்சு பாத்துட்டு வாங்கன்னு அனுப்பிடுங்க.