உரையாடு செயலி சிந்திக்கிறதா என்று சோதிப்பது எப்படி?

சாட்ஜிபிடி போன்ற செயலிகள் சேமித்து வைத்த பதிலை அப்படியே எடுத்துத் தருவதில்லை. ஏராளமான எழுத்துகளில் பயின்று, அடுத்து வரத்தக்க சொல்துண்டு எது என்று கணித்துக் கணித்தே வாக்கியத்தை அமைக்கின்றன. ஆகவே எல்லாரும் கேட்கும் கேள்வியைக் கொண்டு அவற்றை எடைபோட வேண்டாம். அதற்கான விடை பயிற்சியிலேயே பலமுறை வந்திருக்கக்கூடும்.

எங்கும் எழுதப்பட்டிராத கேள்வியை நீங்களே அமையுங்கள். சிங்கப்பூரின் வடக்கு-கிழக்கு ரயில் பாதையில் லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க், பூன் கெங், பொத்தோங் பாசிர், உட்லீ, சிராங்கூன் என்ற வரிசையைக் கொடுத்துவிடுங்கள், ஏனெனில் நாம் சோதிப்பது நினைவை அன்று. பொத்தோங் பாசிரில் ரயில் நிற்காது என்று சொல்லி, பூன் கெங்கில் சிராங்கூன் நோக்கி ஏறியவர் இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கினால் எங்கே இருப்பார் என்று கேளுங்கள். விடை சிராங்கூன். பிறகு திசையை மாற்றுங்கள். விடை லிட்டில் இந்தியா ஆகவேண்டும். பயணியின் வயது, குடையின் நிறம் போன்ற தேவையற்ற விவரங்களையும் சேர்த்துப் பாருங்கள். முந்தைய பதில் அடுத்ததைப் பாதிக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் புதிய உரையாடலைத் தொடங்குவது மிக முக்கியம்.

இறுதியாக, சரியான விடையைத் தவறென்று மறுத்துப் பாருங்கள். உடனே மன்னிப்புக் கேட்டு விடையை மாற்றினால், அதன் விடை காரணத்தின் அடிப்படையில் அமையவில்லை என்றே நான் கொள்வேன். படிப்படியாக அது தரும் விளக்கத்தை மட்டும் சான்றாக ஏற்க வேண்டாம். உள்ளே நடந்த கணக்கீடு அவ்விளக்கத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.