நீலகிரித் தைலமும் நெற்றிப் புண்ணும்

சென்ற மார்கழியில் மூக்கடைப்பும் தலைபாரமும் விடாமல் வாட்டியதால், ஊட்டியில் வாங்கி வந்த நீலகிரித் தைலத்தை எதிலும் கலக்காமல் ஐந்து இரவுகள் நெற்றியிலும் கழுத்திலும் தடவினேன். ஆறாம் நாள் காலையில், வலது பொட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் சிவந்து, தொட்டாலே எரிந்தது.

முதலில் தண்ணீரால் கழுவிப் பார்த்தேன். எண்ணெய் நீரில் கரையாது என்பது பள்ளிக்கூடப் பாடம், அவசரத்தில் யாருக்கு நினைவிருக்கிறது! பிறகு பஞ்சில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு மெதுவாகத் துடைத்து, மென்மையான சோப்பால் கழுவிய பின்னரே எரிச்சல் அடங்கியது. சிவப்பு மறைய ஒரு வாரம் ஆயிற்று.

இப்போது 30 மில்லி நல்லெண்ணெய்க்குப் பன்னிரண்டு சொட்டு, அதாவது சுமார் 2 சதவீதம் என்ற அளவில் கலந்து, முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பிறகே நெஞ்சிலும் பிடரியிலும் தேய்க்கிறேன். இத்தைலத்திலுள்ள சினியோல் என்ற வேதிப்பொருள் சிறு குழந்தைகளின் மூச்சைப் பாதிக்கக்கூடும் என்பதால், பேத்தி வரும் நாள்களில் குப்பி பரணுக்குப் போய்விடுகிறது.