ஊராட்சித் தேர்தலில் முதல்முறை நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். அடுத்த தேர்தலில் ஊராட்சித் தலைவருக்கு நிற்கப் போகிறாராம். வீடு வீடாகப் போய் என்ன பேசுவார் என்று பேசிக் காட்டினார். நன்றாகவே பேசினார். முடிக்கும்போது, "மறந்துடாதீங்கம்மா, உங்களுக்கு நாலு ஓட்டு இருக்கு, பார்த்துக் குத்துங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. 2019 டிசம்பரில் நான் வாசல் வாசலாகச் சொன்ன அதே வார்த்தை.

தமிழ்நாட்டில் 27 மாவட்டங்களில் உள்ள ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டதால், எங்கள் பக்கம் இவரைப் போல நிறையப் பேர் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். 21 வயது ஆகியிருக்க வேண்டும், பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தெரியாமல் அடிபடுகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

முன்மொழிபவரை முகம் பார்த்துப் பிடிப்பது

வார்டு உறுப்பினருக்கு நிற்பவர் அந்த ஊராட்சியில் எந்த வார்டு வாக்காளராகவும் இருக்கலாம். வேட்புமனுவில் அவர் பெயரை முன்மொழிந்து கையெழுத்துப் போடுபவர் அப்படியில்லை. போட்டியிடும் வார்டிலேயே அவருக்கு ஓட்டு இருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் எதிர்வீட்டு மாமாவைக் கையெழுத்துப் போட வைத்தார். ஒரே தெருதான், ஆனால் அந்த வரிசை வீடுகள் அடுத்த வார்டில் இருந்தன. பரிசீலனையில் மனு தள்ளுபடி. பதினைந்து வருஷப் பழக்கத்தில் எந்த வீடு எந்த வார்டு என்று மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருப்போம், அதை நம்பவே கூடாது. வார்டு மறுவரையறை வந்தால் எல்லாம் மாறிவிடும். பட்டியலை வாங்கி, அவர் பெயரில் விரல் வைத்துப் பாருங்கள்.

கட்சிக் கொடி

தலைவர், வார்டு உறுப்பினர் இரண்டுமே கட்சி சார்பற்ற பதவிகள். கொடியோடு போகாதீர்கள்.

'நாலு ஓட்டு' என்று சொல்வது

2019இல் ஒரு வாக்காளர் கையில் நான்கு சீட்டு கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஒரே சாவடியில் இரண்டு வார்டு இருந்தால் ஒன்றுக்கு இளநீலம். தலைவருக்கு ரோஸ். ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிச் சின்னம் இருக்கும், அதைக் கண் தானாகப் பிடித்துக்கொள்ளும். வெள்ளையிலும் ரோஸிலும் இருப்பவை ஊருக்கே புதிய சின்னங்கள். டிசம்பர் 19 அன்று வாபஸ் முடிந்த பிறகுதான் யாருக்கு என்ன சின்னம் என்றே தெரிந்தது. முதல்கட்ட வாக்குப்பதிவு 27ஆம் தேதி. பிரசாரத்துக்குக் கிடைத்தது ஆறே நாள்.

எனக்குப் பூட்டு சாவி. ஆறு நாளும் அதைப் பதிய வைப்பதிலேயே ஓடிவிட்டேன். நிஜப் பூட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டே போனேன். சின்னம் பதிந்தது. எப்படிக் குத்துவது என்பதை மட்டும் நான் யாருக்கும் சொல்லவில்லை. அது அவர்களுக்கே தெரியும் என்று நினைத்தேன்.

2020 ஜனவரி 2, வாக்கு எண்ணிக்கை. கலர் வாரியாகப் பிரித்துக் கட்டுக் கட்டிய பிறகு எங்கள் ஊர் ரோஸ் சீட்டுகள் மேசைக்கு வந்தன. அலுவலர் ஒரு சீட்டை விரித்துத் தூக்கிக் காட்டினார். பூட்டு சாவியில் நேர் நடுவில், அழுத்தமாக ஒரு குத்து. மற்ற மூன்று சின்னங்களிலும் ஆளுக்கு ஒன்று. செல்லாது என்று ஒதுக்கினார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. இதில் எனக்கு ஒரு குத்து, எதிரில் நின்ற என் பங்காளிக்கு ஒரு குத்து. அதுவும் செல்லாது. நான் தோற்றது 14 ஓட்டில். செல்லாத ரோஸ் சீட்டு 61.

தோற்ற பிறகு தெருவில் ஒரு ஆத்தா என்னைப் பிடித்து நிறுத்தினார். "நாலு ஓட்டு, நாலையும் குத்துன்னு நீதானே சாமி சொன்னே? உன் சீட்டுலேயே நாலையும் குத்திட்டேன்" என்றார். அந்த முகத்தில் எவ்வளவு பிரியம். என்னால் பதில் பேச முடியவில்லை. வேண்டாம் என்று நினைத்தவர்களால் நான் தோற்கவில்லை. எனக்குப் போட வந்தவர்களை நானே தவறாக அனுப்பி வைத்தேன். இத்தனை வருஷம் கழித்தும் யாராவது 'நாலு ஓட்டு' என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

சொல்ல வேண்டியது இது: "சீட்டு நாலு. ஒரு சீட்டுக்கு ஒரே குத்து. என் சீட்டு ரோஸ் கலர்." முதலில் கலர், அப்புறம் சின்னம். வெற்றுத்தாள் ஒன்றில் கட்டம் போட்டு, திண்ணையில் உட்கார்ந்து, விரலால் ஒருமுறை குத்திக் காட்டுங்கள். பிறகு அவர்களையே காட்டச் சொல்லுங்கள். சொந்தத்தில் இரண்டு பேர் நிற்கும் வீடுகளில் கூடுதலாகக் கொஞ்சம் உட்காருங்கள். அங்கேதான் யார் மனதும் நோகக் கூடாதென்று இரண்டு பேருக்கும் குத்திவிடுவார்கள். 'எனக்குப் போடாவிட்டாலும் பரவாயில்லை, ஒருவருக்கு மட்டும் குத்துங்கள்' என்று நேராகவே சொல்லலாம். கேட்டுக்கொள்வார்கள்.

எண்ணுமிடத்துக்கு யாரையோ அனுப்புவது

நன்றிக்கடனுக்காக ஒருவரை முகவராகப் போடாதீர்கள். கண்ணாடி இல்லாமல் படிக்கத் தெரிந்தவர், மதியம் சாப்பாடு தாமதமானாலும் மேசையை விட்டு எழாதவர் வேண்டும். மடித்ததில் ஒட்டிய மைக்கும் குத்திய முத்திரைக்கும் வித்தியாசம் தெரிந்து, அந்த இடத்திலேயே கேட்கக்கூடியவராக இருக்க வேண்டும்.

ஏலம்

பதவியை ஏலம் விடும் கூட்டத்தில் உட்காரவே உட்காராதீர்கள். சட்டவிரோதம்.

தோற்றதும் கணக்கை மறப்பது

2019இல் செலவு வரம்பு தலைவருக்கு 34,000 ரூபாய், வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய். வரம்பைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள், கணக்கு கொடுப்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. முடிவு வந்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காதவரை மூன்று வருஷம் போட்டியிட முடியாமல் தகுதிநீக்கம் செய்யலாம். தோற்ற வருத்தத்தில் ரசீதுகளைக் கிழித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். நோட்டீஸ் அச்சடித்தது, ஆட்டோ வாடகை, மைக் செட் என்று அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி, ரசீதைப் பின் குத்தி வையுங்கள். ஜெயித்தவர், தோற்றவர், ஒற்றை இலக்கத்தில் ஓட்டு வாங்கியவர் எல்லாரும் கொடுத்தாக வேண்டும்.